மூலநிரல் மட்டும் திறந்திருந்தால் போதுமா?

இரண்டாமாண்டு பி.எஸ்சி., கணினி அறிவியல்

கணினி என்றதும் நம் கண்முன் தோன்றுவன திரையும் விசைப்பலகையுமே. ஆனால் திரையுமின்றி, விசைப்பலகையுமின்றி, சுவரிலும் அலமாரியிலும் வாய்மூடி உழைக்கும் கணினிகள் எத்தனையோ உண்டு. வீட்டிற்கு இணையத்தைப் பங்கிட்டுத் தரும் ரௌட்டர் அவற்றுள் ஒன்று. கைக்கடக்கமான அந்தப் பெட்டிக்குள்ளும் செயலி உண்டு, நினைவகம் உண்டு, பெரும்பாலும் லினக்ஸும் உண்டு. லினக்ஸ் எவர் ஒருவருக்கும் உரியதன்று, எல்லார்க்கும் உரியது என்று வகுப்பில் கேட்கிறோம். தேர்விலும் எழுதி மதிப்பெண் வாங்குகிறோம். அப்படியாயின், அந்தப் பெட்டி நாளை எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? இக்கேள்வி எனக்குப் பாடநூலிலிருந்து வரவில்லை; ஒரு பழைய ரௌட்டரிலிருந்து வந்தது.

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கேபிள்காரர் கழித்துப் போட்ட ரௌட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். "ஓடாத சாமானை ஏன்டா வீட்டுக்குள்ள கொண்டாற?" என்றார் அம்மா. அதில் 'ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.' என்னும் லினக்ஸ் தொகுப்பை ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அத்தொகுப்பின் வரலாற்றைச் சொன்னால்தான் நான் சொல்ல வந்தது விளங்கும்.

2002-ஆம் ஆண்டு இறுதியில் லிங்க்சிஸ் நிறுவனம் 'டபிள்யூ.ஆர்.டி.54ஜி' என்றொரு ரௌட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 125 மெகாஹெர்ட்ஸ் செயலி, 16 மெகாபைட் நினைவகம், 4 மெகாபைட் ஃபிளாஷ். இன்றைய கைப்பேசியில் ஒரு புகைப்படத்திற்கே போதாத இடம்! அதனுள் லினக்ஸ் இருப்பதை மறு ஆண்டே ஆர்வலர்கள் கண்டுகொண்டனர். லினக்ஸின் உரிமமாகிய ஜி.பி.எல்., அதைப் பொருளில் வைத்து விற்பவர் அதன் மூலநிரலையும் தர வேண்டும் என்கிறது. குரல் எழுந்தது, நிறுவனம் 2003-இல் மூலநிரலை வெளியிட்டது. அதை அடித்தளமாகக் கொண்டு 2004 சனவரியில் பிறந்ததே இத்திட்டம். பெயரும் அந்தப் பெட்டியின் பெயரே. 2005-இல் நிறுவனம் ஃபிளாஷை 2 மெகாபைட்டாகவும் நினைவகத்தை 8 மெகாபைட்டாகவும் குறைத்து, லினக்ஸையும் கைவிட்டது. ஆனால் பழைய அமைப்பை விரும்புவோர்க்கென்று 'ஜி.எல்.' என்னும் மாதிரியையும் உடன் விற்க நேர்ந்தது. வாங்குவோர் கூடி நின்றால் விற்போர் செவி திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதுவரை வெற்றிக் கதை. மேடையில் பேசுவோர் இவ்விடத்தில் நிறுத்திக் கைதட்டு வாங்கிவிடுவர். நான் கவலைப்படுவது இதற்குப் பின் நடந்தது பற்றியே.

'ஊர் கூடித் தேர் இழுத்தல்' என்கிறோம். வடம் பிடிக்க ஆயிரம் பேர் வரலாம். தேர் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும் என்பதை யார் சொல்வது? அதை ஐந்தாறு பேர் தமக்குள் பேசி முடிவு செய்தால், வடம் பிடித்தவன் எத்தனை நாள் பிடிப்பான்? இத்திட்டத்திலும் அதுவே நேர்ந்தது. 2016 மே மாதத்தில், முதன்மை உருவாக்குநர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து சென்று 'எல்.இ.டி.இ.' என்ற தனித் திட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கூறிய காரணங்களில் நிரலின் குறை முதன்மையானதன்று. முடிவுகள் வெளிப்படையாக இல்லை. பொதுச் சர்வர்கள் அடிக்கடி நின்றுபோகின்றன, அவற்றைச் சரிசெய்யும் உரிமையோ சிலரிடமே இருக்கிறது. புதியவர் உள்ளே வர வழியில்லை என்பனவே அவர்களின் குறைகள். மூலநிரல் ஊரறியத் திறந்தே கிடந்தது. திட்டமிடும் அறை மட்டும் பூட்டிக் கிடந்தது.

புதிய திட்டம் வகுத்துக்கொண்ட விதிகளைப் படித்துப் பார்த்தேன். ஒரு பக்கத்திற்குமேல் இல்லை. முக்கிய முடிவுகள் வாக்கெடுப்பில். விவாதம் எல்லாரும் படிக்கும்படி. அவற்றுள் ஒரு விதி என்னை மிகவும் கவர்ந்தது: திட்டத்தின் பெயரால் எவருக்கும் மின்னஞ்சல் முகவரி வழங்கப்படமாட்டாது. தனியுரிமையும் சமத்துவமும் கருதியே இந்த விதி. பெயருக்குப் பின்னால் திட்டத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு எழுதுபவனின் சொல்லுக்கு ஒரு கனம் வந்துவிடும் அல்லவா? முதன்முதல் எழுதும் மாணவனும், பதினைந்து ஆண்டு உழைத்தவனும் ஒரே வரிசையில் நிற்கட்டும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

வெளியீடுகளின் பெயரும் மாறிற்று. அதற்கு முன் பதிப்புகளுக்கு மதுக் கலவைகளின் பெயர்கள். உள்ளே நுழைந்தால் திரையில் செய்முறையும் தோன்றும்! (கல்லூரி மலரில் இதற்குமேல் விளக்குவது முறையன்று.) புதிய திட்டம் ஆண்டையும் மாதத்தையும் எண்ணாக வைத்தது: 17.01. அந்த எண், வெளியீட்டுக்கான கிளை பிரிக்கப்படும் காலத்தைக் குறிப்பது. வெளியீடு பின்னால் வரும். 19.07 வெளிவந்தது 2020 சனவரியில், 21.02 வந்தது 2021 செப்டம்பரில். தாமதம்தான். ஆனால் எவ்வளவு தாமதம் என்பதை அந்த எண்ணை வைத்தே எவரும் கணக்கிட்டுக் கேட்கலாம்.

2018 சனவரியில் இரு திட்டங்களும் மீண்டும் ஒன்றாயின. நிலைத்த பெயர் பழையது. நிலைத்த விதிகள் புதியவை. பிரிந்தவர்களைத் துரோகிகள் என்று தூற்றாமல் அவர்கள் விதிகளையே ஏற்றுக்கொண்டனர் பாருங்கள், அதைப் பெருந்தன்மை என்றே சொல்வேன்.

இனி என் ரௌட்டருக்கு வருகிறேன். அதன் மாதிரி எண்ணைத் தேடிப் பிடித்தபோது எதிர்ப்பட்டது ஓர் எச்சரிக்கை. 4 மெகாபைட் ஃபிளாஷும் 32 மெகாபைட் நினைவகமும் உடைய கருவிகளுக்கு 19.07 வரிசையே கடைசி, 21.02 முதல் குறைந்தது 8, 64 வேண்டும். என்னுடையது 4, 32. அந்தக் கடைசி வரிசைக்கும் 2022-இல் திருத்தங்கள் நின்றுபோயின. எனக்குக் கோபம் வந்தது. எல்லார்க்கும் உரியது என்றார்களே, மலிவான பெட்டி வைத்திருப்பவன் 'எல்லாரிலும்' சேர்த்தி இல்லையா?

கோபம் தணிந்தபின் காரணத்தைப் படித்தேன். கெர்னல் ஆண்டுதோறும் பருக்கிறது, 4 மெகாபைட்டில் அதைத் திணித்தால் பாதுகாப்புக்கு வேண்டியதைச் சேர்க்க இடமில்லை, உழைப்பவர்களோ சிலர். பல ஆண்டுகளுக்கு முன்பே பொதுவில் பேசி, எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியைச் செய்து விற்ற நிறுவனம் எப்போது கைவிட்டது என்று தேடினேன். ஒரு வரி கிடைக்கவில்லை. இருவரும் என்னை இல்லை என்றுதான் அனுப்பினர். ஒருவர் காரணம் சொல்லி அனுப்பினார்.

ஆனாலும் என் குறை முழுதும் தீரவில்லை. அந்த விவாதத்தில் 4 மெகாபைட் பெட்டியை நம்பியிருந்த எத்தனை பேர் பேசினார்கள்? அறைக்குப் பூட்டில்லை, உள்ளே பேசும் மொழி ஆங்கிலம், அறை இருக்கும் இடமே எங்கள் பக்கம் தெரியாது. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பரிந்துரைக்க அண்ணனோ மாமாவோ இந்தத் துறையில் இல்லை. எனக்குத் திட்டம் பொதுவில் பேசப்படுகிறது என்பதே நுழைவுச்சீட்டு. அந்த நுழைவுச்சீட்டு எங்கே கிடைக்கும் என்பதைத் தற்செயலாக அறிந்தேன். தற்செயலை நம்பி எத்தனை மாணவர் இருக்க முடியும்?

எனவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டுத் திட்டப்பணிக்கு ஆண்டுதோறும் அதே நூலக மேலாண்மை நிரலை, பெயர் மாற்றிக் கொடுத்து வருகிறோம், மறைப்பானேன்? அதற்கு மாற்றாக, ஒரு கருவியைச் சோதித்துப் பிழையை முறையாக எழுதி அனுப்புவதையும், ஏற்றும் முறையைத் தமிழில் எழுதி வைப்பதையும் திட்டப்பணியாக ஏற்கலாகாதா? அயலார்க்கு இலவச உழைப்பு என்பார் உளர். சில்லு செய்யும் பெருநிறுவனங்கள் இந்த உழைப்பின்மேல் தம் பொருளை அடுக்கி விற்கின்றன என்பதும் உண்மையே. ஆனால் உழைக்காதவன் பேச்சு அங்கே எடுபடாது. 2024 சனவரியில், இருபதாம் ஆண்டு நிறைவையொட்டித் தமக்கென ஒரு ரௌட்டரையே செய்யலாம் என்ற முன்மொழிவு அவர்களிடையே பொதுவில் வைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே பெட்டி விற்பனைக்கு வந்துவிட்டது. தவறாக நிரலேற்றினாலும் மீட்டெடுக்க அதில் தனியாக ஒரு ஃபிளாஷ் உண்டு. என்னைப்போல் கைப்பழக்கம் இல்லாதவனை மனத்தில் வைத்துச் செய்ததுபோல் இருக்கிறது. விலைதான் எனக்கு எட்டாது.

என் பெட்டியில் 19.07-ஐ ஏற்றிவிட்டேன். இரண்டு முறை உயிர்போய், மூன்றாம் முறை விளக்கு எரிந்தது. இணையத்தில் இணைக்கும் தகுதி அதற்கு இல்லை; கற்றுக்கொள்ளப் போதும். நம் ஆய்வகத்தின் பின்னறை அலமாரியில் இன்னும் ஆறு பழைய ரௌட்டர்கள் தூசி படிந்து கிடக்கின்றன. மாதிரி எண்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இரண்டில் 8 மெகாபைட் ஃபிளாஷ். சாவி ஆய்வக உதவியாளர் அண்ணனிடம் இருக்கிறது. துறைத்தலைவர் ஒரு சொல் சொன்னால் சனிக்கிழமை பிற்பகலில் திறந்து தருவதாகக் கூறியிருக்கிறார்.