தோட்டத்து அடுப்பும் நமது கடன் கொப்பியும்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, தலவாக்கலை, பொகவந்தலாவை பக்கங்களில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களுக்கு மாதத்தின் 10ஆம் திகதி எப்படிப்பட்ட நாள் என்று சொல்லித் தரத் தேவையில்லை. தோட்டங்களில் சம்பள நாள். மாலையில் கடைக்குள் நிற்க இடமிருக்காது. கொப்பியில் போன மாதக் கணக்கை வெட்டுவோம். மை காய்வதற்குள் அடுத்த பக்கத்தில் இந்த மாதக் கணக்கைத் தொடங்குவோம். அந்த அடுத்த பக்கத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேச விரும்புகிறேன்.

தோட்ட மக்களின் வறுமை பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சம்பளப் பிரச்சினையோடு நிறுத்திக் கொள்கிறார்கள். நாம் வியாபாரிகள், கணக்கை முழுதாகவே போட்டுப் பார்ப்போம். 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,350 ரூபாவிலிருந்து 1,550 ரூபாவாக உயரும் என்றும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் 200 ரூபா சேர்த்துக் கொடுக்கும் என்றும் அறிவித்தார்கள். இந்த 1,750 ரூபாவும் குறைவின்றிக் கிடைப்பதாகவே வைத்துக் கொள்வோம். கணவனும் மனைவியும் மாதம் 20 நாள் வேலை செய்தால் இருவருக்கும் 70,000. சேமலாப நிதிக்கு 8 வீதம் போனால் 65,000 சொச்சம். நாட்டின் உத்தியோகபூர்வ வறுமைக் கோடு ஒருவருக்கு மாதம் 16,000 ரூபாவைத் தாண்டி விட்டது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 80,000க்கு மேல் வேண்டும். பதினையாயிரம் ரூபா துண்டு விழுகிறது. இதுவும் நல்ல மாதத்துக் கணக்குத்தான். தோட்டம் கேட்கும் கொழுந்து நிறை வராத நாளில் ‘அரைப்பேர்’ போடுவார்கள். வறட்சியில் கொழுந்து குறைந்தால் வேலை நாளே குறையும்.

இந்தப் பதினையாயிரத்தை யார் போடுகிறார்கள்? அடகுக் கடையில் வைத்த தோடு கொஞ்சம், கொழும்பில் ஹோட்டலிலோ துணிக்கடையிலோ வேலை செய்யும் பிள்ளை அனுப்புவது கொஞ்சம். மிச்சத்தை நமது கொப்பி போடுகிறது. தோட்டத்து அடுப்பு மாதக் கடைசியில் எரிவது பெரும்பாலும் கடைக்காரரின் முதலில்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, இதில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

பசி ஒரு வீட்டுக்குள் ஒரே நாளில் நுழைவதில்லை. அது படிப்படியாக இறங்குவதைக் கல்லாவிலிருந்தே பார்க்கலாம். முதலில் முட்டையும் நெத்தலியும் கொப்பியிலிருந்து காணாமல் போகும். பிறகு பால்மா. பக்கெட்டாக வாங்கியவர் உடைத்து நிறுத்துத் தரக் கேட்பார். “முதலாளி, இந்த முறை பருப்பு அரைக்கிலோ போதும்” என்பார்கள், அடுத்த கிழமை அது கால் கிலோவாகும். அரிசி குறையும், கோதுமை மா கூடும். விடியற்காலையில் சுட்ட ரொட்டியை மலைக்குக் கட்டிக் கொண்டு போகலாம், கறி வேண்டியதில்லை, கொச்சிக்காய்ச் சம்பலும் சாயத் தண்ணியும் இருந்தால் ஒருவாறு பொழுது போகும். ஆகவே மா கடைசி வரை குறையாது. மாவும் குறைந்தால் அந்த வீட்டில் யாரோ சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்று பொருள். அனேகமாக அது தாய். அதற்குப் பிறகு பிள்ளை பாடசாலைக்குப் போகாது, ஏனென்றால் கட்டிக் கொடுக்க எதுவுமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் ஏறத்தாழ 32 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாமல் இருந்தார்கள். நாட்டின் மொத்தக் கணக்கில் அது 17 வீதம். நமது கொப்பியில் முட்டை வெட்டுப்பட்ட பக்கங்களும் அந்த 32 வீதத்துக்குள் இருக்கின்றன.

2022ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த வருடத் தொடக்கத்தில் தோட்டக் குடும்பங்களுக்கு மாதம் 15 கிலோ கோதுமை மா, கிலோ 80 ரூபாவுக்குக் கொடுப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த வீடுகள் எதில் உயிர் வாழ்கின்றன என்பது கொழும்புக்கும் தெரிந்தே இருந்தது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்துக்கு ஏறியது. நாட்டில் 63 இலட்சம் பேருக்கு உணவு நிச்சயமில்லை என்று உலக உணவுத் திட்டமும் உணவு விவசாய நிறுவனமும் மதிப்பிட்டன. 2023இல் அது 39 இலட்சமாகக் குறைந்த போதும் மிக மோசமான நிலை தோட்டங்களிலேயே இருந்தது. அதற்கு முந்திய இரசாயன உரத் தடையின் அடியால், 2022இல் தேயிலை உற்பத்தியும் சுமார் 25 கோடி கிலோவுக்கு விழுந்திருந்தது.

அந்த மாதங்களில் மொத்த வியாபாரிகள் கடனை நிறுத்தி ரொக்கம் கேட்டார்கள். கொழும்பில் கடன் நின்றதும் மலையில் கொப்பி மூடியது. யாரையும் குறை சொல்ல முடியாது, நமக்கும் முதல் வேண்டும். ஆனால் எனக்குத் தெரிந்த சில கடைக்காரர்கள் கொப்பியை முற்றாக மூடவில்லை. மா, அரிசி, பருப்பு, உப்பு, எண்ணெய் ஆகியவற்றுக்கு மட்டும் வீட்டுக்கு ஓர் அளவு வைத்துக் கடன் கொடுத்தார்கள். பிஸ்கட், சோடா, போன் ரீலோட் எல்லாம் ரொக்கத்துக்கு மட்டுமே. பணம் சுணங்கித்தான் வந்தது, ஆனாலும் வந்தது. முற்றாக மூடிய கடைகளுக்குப் பழைய பாக்கியும் வரவில்லை, அந்த வாடிக்கையாளரும் வரவில்லை. வாங்க முடியாத கடைக்கு முன்னால் யார்தான் பழைய கடனைக் கட்டப் போவார்கள்?

கடனுக்கு இந்த மலையில் கசப்பான சரித்திரமும் உண்டு. வெள்ளைக்காரர் காலத்தில் தொழிலாளியின் கடனைத் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதினார்கள். அதைத் தீர்க்காமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921இல் சட்டம் போட்டே அதை ஒழிக்க வேண்டியிருந்தது. இன்று சில இடங்களில் தொழிலாளியின் வங்கி அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் வாங்கி லாச்சியில் வைத்துக் கொண்டு, சம்பளம் விழுந்ததும் கடைக்காரரே காசை எடுக்கும் பழக்கம் இருக்கிறது. பாதுகாப்புக்காகத்தான் என்கிறார்கள். எனக்கு இது துண்டின் புதிய வடிவமாகவே தெரிகிறது. தன் சம்பளத்தைத் தன் கையால் தொடாத தாய், மருந்துக்கா மாவுக்கா முதலில் செலவழிப்பது என்று எப்படித் தீர்மானிப்பாள்?

சூறதுல் பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதி வைக்குமாறு விரிவாகப் பணிக்கிறது. 280ஆம் வசனம் கஷ்டத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. நம்மில் பலர் முதலாவதைப் பாதி செய்கிறோம். எழுதுகிறோம், ஆனால் ஒரே கொப்பியில், நமது கையில் மட்டும். வாங்குபவரிடமும் ஒரு சிறிய கொப்பி இருந்து அன்றன்றே இரண்டிலும் எழுதினால், 10ஆம் திகதி வரும் சண்டைகளில் முக்கால்வாசி இல்லாமல் போகும். ரொக்க விலைக்கும் கடன் விலைக்கும் வித்தியாசம் வைப்பது, கொடுக்கும் போதே விலை முடிவாகி விட்டால் கூடும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆனால் குறித்த நாளில் கட்டாதவரின் பக்கத்தில் பிறகு ஒரு தொகையை ஏற்றுவது வட்டி. ‘சுணக்கக் காசு’ என்று பெயர் வைத்தாலும் வட்டிதான்.

வராத கடன் எவ்வளவு என்று கேட்பீர்கள். இருக்கிறது, கொப்பி வியாபாரம் செய்யும் எவரும் அதை அறிவார். அதைத் தனியொரு கடைக்காரர் தாங்க முடியாது. ஒரே நகரத்தின் ஐந்தாறு கடைகள் சேர்ந்து லொறிக் கணக்கில் மாவும் பருப்பும் எடுத்தால் கிலோவுக்கு மிச்சமாகும் காசிலேயே ஒரு பகுதியை ஈடு செய்யலாம். ரமழானில் நாம் கொடுக்கும் ஸதகாவில் ஒரு பங்கை, நோயாலோ மரணத்தாலோ விழுந்து போன வீடுகளின் பக்கத்தை ஓசையின்றி வெட்டுவதற்கு ஒதுக்கலாம். ஸதகாவை முஸ்லிமல்லாத அயலவருக்குக் கொடுக்கத் தடையில்லை. உலர் உணவுப் பொதியைக் கையில் கொடுத்துப் படம் எடுப்பதை விட இதில் அவர்களின் மானமும் மிஞ்சும்.

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தப் பக்கத்தில் கொழுந்து குறையும் காலம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மண் சரிந்து பாதைகள் மூடப்பட்டதையும் பார்த்தோம். அப்படியான நாட்களில் தோட்டத்துக்குப் பக்கத்திலுள்ள கடையில் இருக்கும் மூட்டைகள்தான் கையிருப்பு. நகர வர்த்தக சங்கங்கள் டிசம்பர் கூட்டத்திலேயே யார் எத்தனை மூட்டை மா வைத்திருப்பது, வீட்டுக்கு எந்த அளவு வரை கொப்பியில் கொடுப்பது என்று பேசி முடித்துக் கொள்ளலாம். லாச்சியில் இருக்கும் வங்கி அட்டைகளைத் திருப்பிக் கொடுப்பதற்கு மட்டும் கூட்டம் தேவையில்லை.