நீர்நாய்க் குட்டியும் வெள்ளைச் சுறாவும்

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டிக்குள் அடைப்பதே கொடுமை என்பவர்களின் வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடா மீன்காட்சியகம் 2004இல் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை 198 நாள் வைத்திருந்து பெயர் வாங்கியது. 2011இல் அங்கிருந்து கடலில் விடப்பட்ட இன்னொரு சுறாவோ சிறிது நேரத்திலேயே இறந்துபோனது. நெடுந்தூரம் நீந்தித் திரியும் பிராணிக்கு எவ்வளவு பெரிய தொட்டியும் சிறைதான். ஆனால் அதே கூரையின் கீழ் கடல் நீர்நாய்களின் கதை வேறு. தாயைப் பிரிந்து கரையொதுங்கும் குட்டிகளை அங்குள்ள பெண் நீர்நாய்களே வளர்க்கின்றன. மல்லாந்து மிதந்தபடி, வயிற்றின்மேல் கல்லை வைத்துச் சிப்பியை அடித்து உடைக்கும் வித்தையைக் குட்டி அவற்றிடம் பார்த்துப் பழகுகிறது. மனித முகம் பழகிவிடக் கூடாதென்று ஊழியர்கள் முகத்தை மறைத்து, கறுப்பு அங்கி போர்த்தித்தான் நெருங்குகிறார்கள். அருகிலுள்ள எல்க்ஹார்ன் ஸ்லூ கழிமுகத்தில் 2002 முதல் 2016 வரை எண்ணிக்கையில் கூடிய நீர்நாய்களில் பாதிக்கு மேல் இப்படி வளர்ந்து வெளியே விடப்பட்டவையும் அவற்றின் சந்ததியும்தான். வளர்ப்புத் தாய்கள் மட்டும் அடைபட்டே கிடக்கலாமா என்று கேட்கலாம். கடலில் பிழைக்க முடியாதவை என்று முடிவானவை அவை. வெளியே விட்டால் சாவுதான். ஆகவே எல்லாக் காட்சியகங்களையும் மூடச் சொல்வதைவிட, கடலுக்கு எதைத் திருப்பித் தருகிறீர்கள் என்று ஒவ்வொன்றையும் கேளுங்கள். பதில் இல்லாத இடத்தில் டிக்கெட் வாங்காதீர்கள்.