சாவி கொடுக்கும் கடிகாரமும் கடை வாசலும்

வரி, உரிமம், எடையளவு முத்திரை, வாடகை உயர்வு என்றே எழுதிப் பழகிய நம் இதழில் கைக்கடிகாரத்தைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், சங்க நண்பர் ஒருவர் சிரித்தார். "செல்போனில் மணி தெரியும்போது வாட்ச் எதற்கு?" என்றார். அவருக்கும், அவரைப் போல நினைக்கும் வணிகப் பெருமக்களுக்கும்தான் இந்தக் கட்டுரை.

கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் மணி பார்க்கச் செல்போனை எடுத்தால் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். மணியைப் பார்ப்பதற்குள் நாலு செய்தி கண்ணில் படுகிறது. ஒன்றைத் திறக்கிறார். கால் கிலோ உளுந்து கேட்ட அம்மாள் நின்றுகொண்டே இருக்கிறார். போனைக் கீழே வைக்கும்போது மணி என்ன என்பதும் மறந்துபோயிருக்கும். கையில் வாட்ச் இருந்தால் பொட்டலம் கட்டியபடியே ஒரு பார்வை போதும். (ஆனால் வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போது வாட்சைப் பார்க்கக் கூடாது. "சீக்கிரம் கிளம்புங்கள்" என்று சொன்னதாகவே எடுத்துக்கொள்வார்கள். இது என் தகப்பனார் எனக்குச் சொன்ன புத்திமதி.)

அவர் 1972-ல் வாங்கிய ஹெச்.எம்.டி. ஜனதாதான் இன்றும் என் கையில் இருக்கிறது. நம்மில் பலர் வீட்டு பீரோவில் இதுபோல் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். இயந்திரக் கருவிகள் செய்வதற்காகத் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனம், 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்துடன் சேர்ந்து பெங்களூரில் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. அதற்கு முன்பு நல்ல வாட்ச் என்றால் சுவிஸ் வாட்ச்தான். கொழும்பிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாராவது கொண்டுவர வேண்டும். மளிகைக் கடைக்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் வாட்ச் கட்டும் நிலை ஹெச்.எம்.டி.யால்தான் வந்தது. பிறகு 1984-ல் டாடாவும் நம் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கி, ஓசூரில் ஆலை வைத்து குவார்ட்ஸ் வாட்சுகளைக் கொண்டுவந்தார்கள். சாவி கொடுக்கும் வாட்சுக்கு மவுசு குறைந்தது. ஹெச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

குவார்ட்சைக் குறை சொல்ல நான் வரவில்லை. அதன் உள்ளே இருக்கும் சிறு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. மாதம் முழுக்க ஓடினாலும் அரை நிமிடத்துக்கு மேல் பிசகாது. என் ஜனதாவோ ஒரு நாளைக்கே அரை நிமிடம் முன்னே பின்னே போகும். ஆனால் நம் கணக்கில் பாருங்கள். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. அதில் 30 விநாடி தவறுவது, நூறு கிலோ மூட்டையில் 35 கிராம் குறைவதற்குச் சமம். எந்த மண்டியில் அவ்வளவு துல்லியமாக எடை வந்து இறங்குகிறது? அதுவும் பேட்டரி இல்லாமல், வெறும் எஃகுச் சுருளின் பலத்தில்!

அந்தக் காலத்தில் வாட்ச் வாங்கியவரைப் பார்த்தால் "எத்தனை கல்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். டயலில் "17 ஜுவல்ஸ்" என்று போட்டிருக்கும். உள்ளே 17 வைரக்கல் இருப்பதாக நினைத்து, ஓடாத வாட்சைப் பத்தரிடம் கொண்டுபோனவரையும் எனக்குத் தெரியும். அவை ஆலையில் செய்த செயற்கைக் கெம்புக் கற்கள். விற்றால் ஒன்றும் கிடைக்காது. பற்சக்கரங்களின் மெல்லிய அச்சு முனைகள் அந்தக் கற்களின் குழியில்தான் சுழல்கின்றன. உலோகத்தில் உலோகம் உரசினால் தேய்ந்துவிடும். கல்லில் தேய்மானம் மிகக் குறைவு. பழைய கைத்தராசின் முள் நல்லபடி உட்கார்ந்திருந்தால்தான் எடை சரியாக நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அதே சங்கதிதான் இங்கேயும்.

காலையில் கடை திறந்து, விளக்கேற்றி, சாமி படத்துக்குப் பூ வைத்துவிட்டு வாட்சுக்குச் சாவி கொடுப்பேன். இருபது இருபத்தைந்து திருகலில் விரல் நுனிக்கு ஒரு இறுக்கம் தெரியும். அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு மறுநாள் காலைவரை கவலை இல்லை. காதருகே வைத்தால் டிக் டிக் என்ற சத்தம். மணிக்கு 18,000 துடிப்பு, விநாடிக்கு ஐந்து. இந்த அரை நிமிட வேலையில் எனக்குக் கிடைக்கும் திருப்தியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லை. ஒரு பொருள் நம்முடையது என்ற உணர்வு, விலை கொடுத்தவுடன் வந்துவிடுவதில்லை. தினமும் அதைக் கவனிக்கிறோமே, அதில் வருகிறது. கெட்டுப்போனால் திறந்து பார்த்துச் சரிசெய்ய நம் ஊரிலேயே ஒரு ஆள் இருக்கிறார் என்பதிலும் வருகிறது.

இப்போது அந்த ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் கடை வாசலில், படிக்கு இடது பக்கம், மூன்றடிக்கு இரண்டடி கண்ணாடிப் பெட்டி போட்டு ஒரு பாய் இருபத்தாறு வருடம் உட்கார்ந்திருந்தார். கண்ணில் குழாய்க் கண்ணாடி, கையில் சிறு இடுக்கி. வாடகை என்று எதுவும் வாங்கியதில்லை. காலையில் அவர் பெட்டியைத் திறந்தால்தான் எங்கள் வாசல் நிறைந்ததாகத் தோன்றும். வாட்ச் கொடுக்க வருபவர் காத்திருக்கும் நேரத்தில் நம்மிடம் பருப்பு வாங்குவார். பருப்பு வாங்க வந்தவர் ஸ்ட்ராப் மாற்றிக்கொண்டு போவார்.

என் வாட்ச் ஒருமுறை நின்று நின்று ஓடியது. பின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு ஒண்ணும் ஆகல. எண்ணெய் காஞ்சு பிசினா போச்சு, அவ்வளவுதான்" என்றார். எல்லாவற்றையும் தனித்தனியாகக் கழற்றி, கிண்ணத்தில் பெட்ரோல் ஊற்றிக் கழுவி, ஊசி முனையால் ஒவ்வொரு கல்லிலும் எண்ணெய் தொட்டு வைத்தார். கடலை எண்ணெய்ச் சொட்டில் நூறில் ஒரு பங்குகூட இருக்காது. பேலன்ஸ் வீல் மறுபடி ஆடத் தொடங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது என்றால் மிகையில்லை. நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்தால் பேரன் காலத்துக்கும் ஓடும் என்றார். ஓடுகிறதே என்று காய்ந்த எண்ணெயோடு விட்டுவைத்தால் அச்சு முனை தேயும். அப்புறம் பாகம் தேட வேண்டியிருக்கும்.

இன்னொரு முறை திடீரென்று ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் வேகமாக ஓடியது. "எதும் மேல வச்சீங்களா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டி கல்லாவில் இருக்கிறதே, அதன் மேல்தான் வாட்சைக் கழற்றி வைப்பது வழக்கம். ஒலிபெருக்கி என்றால் உள்ளே காந்தம் உண்டு. ஹேர் ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வாட்ச் ஓட்டமெடுக்கும். காந்தம் எடுக்கும் கருவியில் ஒரு நிமிடம் காட்டினார், சரியாயிற்று. இருபது ரூபாய் வாங்கினார். பெரிய ஷோரூம் ஒன்றில் இதே வாட்சைக் காட்டியபோது, "இதற்கெல்லாம் இப்போது ஆள் இல்லை சார், புதுசு பாருங்கள்" என்று சொன்னார்கள்.

நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. மிளகாய்த் தூள், மாவு, சாக்குத் தூசி எல்லாம் சாவித் திருகின் இடுக்கு வழியாக உள்ளே போகும். மூட்டை பிரிக்கும்போது வாட்சைக் கழற்றிவிடுங்கள். குவார்ட்ஸ் வாட்ச் நின்றுவிட்டால் செத்த பேட்டரியை உள்ளேயே விட்டுவைக்காதீர்கள். கசிந்து எல்லாவற்றையும் அரித்துவிடும்.

மூன்று வருடத்துக்கு முன் கடையைப் புதுப்பித்தோம். குளிர்பானக் கம்பெனி கொடுத்த கண்ணாடிக் கதவு பிரிட்ஜ் வைக்க இடம் வேண்டியிருந்தது. மகன் சொன்னான், நானும் தலையாட்டினேன். பாயிடம் சொன்னபோது அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. "சரிங்க அண்ணாச்சி" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

பெரிய அங்காடிகள் வந்து நம் வியாபாரத்தைக் கெடுக்கின்றன, வாடிக்கையாளர்கள் போனில் ஆர்டர் போடுகிறார்கள் என்று கூட்டத்துக்குக் கூட்டம் முறையிடுகிறோம். தெருக்கடையில் வாங்குங்கள் என்று தட்டி எழுதி மாட்டுகிறோம். அதே கையில் நின்றுபோன வாட்சைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிது வாங்குகிறோம். வாட்ச் ரிப்பேர்க்காரரும் ஒரு வணிகர்தானே? அவர் விற்பது தன் கண்ணையும் விரலையும். நம் சங்கத்தில் அவருக்கு உறுப்பினர் அட்டைகூட இல்லை.

பழைய வாட்சுக்கு ஆசை வந்து ஆன்லைனில் தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீலம், பச்சை, ரோஸ் என்று பளபளக்கும் டயலோடு "பழைய ஸ்டாக் ஜனதா" என்று வருகிறதே, அதில் பெரும்பாலானவை பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்து, டயலுக்குப் புது வண்ணம் அடித்தவை. அப்படிச் செய்ததைச் சொல்லி விற்றால் தப்பில்லை. சொல்லாமல் விற்பது, பாலிஷ் போட்ட பழைய பருப்பைப் புதுப் பருப்பு என்பது போலத்தான். அதைவிட உங்கள் பீரோவில் இருப்பதை எடுத்துத் துடையுங்கள்.

பாய் இப்போது பேருந்து நிலையத்தில், கழிப்பறைக்கு அடுத்த சுவரோரம் உட்கார்ந்திருக்கிறார். வெயில் மத்தியானத்துக்கு மேல் நேராக அடிக்கிறது. போன மாதம் போய் அழைத்தேன். "பிரிட்ஜ எங்க வைப்பீங்க அண்ணாச்சி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. நம் சங்கக் கட்டிட வாசலில் காவலாளி அறைக்குப் பக்கத்தில் மூன்றடி இடம் சும்மா கிடக்கிறது. அடுத்த செயற்குழுவில் அதைக் கேட்கப் போகிறேன். ஆதரிப்பவர்கள் இப்போதே செயலாளரிடம் சொல்லிவைக்கவும்.

ஜனதா சர்வீசுக்குக் கொடுத்திருக்கிறேன். வியாழக்கிழமை வரச் சொன்னார்.