வெளியே நிற்கும் அணியும் வன்னி மைதானமும்

விளையாட்டிலே அரசியலைக் கலக்கலாகாது என்று நமக்கு உபதேசம் செய்வோர் பலர். தமிழீழ உதைபந்தாட்ட அணி என்ற பெயரைக் கேட்டதும் அவ்வுபதேசம் மேலும் உரத்து ஒலிக்கிறது. ஓமந்தையிலிருந்து அதனைக் கேட்கும் நமக்கு நகைப்பே உண்டாகிறது.

சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனமாகிய பீஃபாவின் விதிகள் கூறுவதென்ன? நாடு என்பது சர்வதேச சமூகம் அங்கீகரித்த சுதந்திர அரசு. சுதந்திரம் பெறாத பிரதேசம் ஒன்று உள்ளே வர விரும்பினால், அதனை ஆளும் நாட்டுச் சங்கத்தின் அனுமதி வேண்டும். பூட்டியவனிடமே திறப்பைக் கேள் என்பதன்றி இதற்குப் பொருள் வேறென்ன? ஆயினும் ஒரே அரசாகிய பிரித்தானியாவுக்கு நான்கு அணிகள் உண்டு. டென்மார்க்கின் முடிக்குட்பட்ட பரோயே தீவுகள் 1988இல் சேர்க்கப்பட்டன. பலஸ்தீனம் 1998இலும், கொசோவோ 2016இலும் ஏற்கப்பட்டன. அது நியாயமே. ஆனால் கதவைத் திறப்பதும் அடைப்பதும் அரசியல் அன்றோ?

இந்தக் கதவுக்கு வெளியேதான் தமிழீழ அணி ஆடியது. 2012இல் குர்திஸ்தானில் நடந்த விவா உலகக் கிண்ணத்திலும், பின்னர் கொனிஃபா அமைப்பு 2014இல் சுவீடனிலும் 2018இல் இலண்டனிலும் நடத்திய போட்டிகளிலும் அது பங்குகொண்டது. அந்த இளைஞர்களை நாம் வாழ்த்துகிறோம்.

ஆயின், வெளியே நிற்பவர் அனைவரும் ஒடுக்கப்பட்டோர் அல்லர். 2014இல் சாட் நாட்டு அகதி முகாம்களிலிருந்து வந்த டார்பூர் இளைஞர்கள், இத்தாலியின் செல்வம் கொழிக்கும் வடபகுதியின் பெயரால் ஆடிய பதானியாவிடம் இருபது கோல்களால் தோற்றனர். அங்கீகாரமற்றோரின் அரங்கிலும் இருப்பவன் இல்லாதவன் என்ற பேதம் உண்டு. ஆகவே கேட்கிறோம்: நம் பெயரால் ஆடும் அணி யாருடையது?

அதன் வீரர்கள் புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்தவர்கள். அது அவர்கள் குற்றமன்று; பெற்றோரைத் துரத்தியது போர். ஆனால் 2009இல் ஓமந்தைச் சோதனைச் சாவடியைக் கடந்து முள்வேலி முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்தச் சட்டை கிட்டாது. 2015இல் சாவடி அகற்றப்பட்டது. தனிநாட்டை ஆதரிப்பதைக் குற்றமாக்கிய 1983ஆம் ஆண்டின் ஆறாவது திருத்தம் அகற்றப்படவில்லை. நம் பெயர் பொறித்த சட்டையை நம் பிள்ளை அணிய அஞ்ச வேண்டியிருக்கிறது.

1958இல் பிரெஞ்சுக் கழகங்களில் புகழோடு ஆடிய ரஷீத் மெக்லூஃபி, முஸ்தபா ஸிதூனி முதலிய அல்ஜீரியர், உலகக் கிண்ண வாய்ப்பையும் ஊதியத்தையும் உதறிவிட்டு, இரகசியமாகத் தூனிஸ் நகர் சென்று தேசிய விடுதலை முன்னணியின் அணியில் சேர்ந்தனர். பீஃபா அவ்வணியை ஏற்கவில்லை. ஆனால் அவர்கள் தம் மக்களின் பக்கம் வந்து நின்றார்கள். அந்த அணியின் பெருமை அதிலேதான் இருந்தது.

நம் அணியை நடத்துவோரிடம் நாம் தூனிஸுக்கு வரச் சொல்லவில்லை; வன்னியை நோக்கித் திரும்புங்கள் என்கிறோம். இலண்டனில் கொடியசைக்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கேனும் இங்கே பந்தாகவும், பாதணியாகவும், பயிற்சியாளரின் சம்பளமாகவும் வரட்டும். அதில் எந்தப் பெயரும் பொறிக்க வேண்டியதில்லை. கூலித் தொழிலாளியின் மகனும், தந்தையை இழந்த மகளும் மாலையில் ஓடியாட மைதானம் இருக்கட்டும். காணாமற்போனோரைத் தேடும் தாய்மாரின் பேரப்பிள்ளைகளும் அங்கே ஆடட்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே! சம்மேளனத்தின் விதியைக் கண்டியுங்கள். ஆறாவது திருத்தத்தை எதிருங்கள். அத்தோடு நில்லாது, உங்கள் பாடசாலை மைதானத்தில் யார் ஆடுகிறார்கள், யார் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். வெளியே நிற்கும் பிள்ளையை உள்ளே அழைக்க நமக்கு எந்தச் சம்மேளனத்தின் அனுமதியும் வேண்டியதில்லை.