நாற்று நட விடாதவன் நெல் இல்லை என்பதா?

இஞ்சினீயரிங்கில் டாக்டர் பட்டம் பெற ஐ.ஐ.டி.யில் சேர எம்.டெக். வேண்டும், இல்லையேல் பி.டெக்.கில் உயர்ந்த மார்க்கும் 'கேட்' பரீட்சைத் தேர்ச்சியும் வேண்டும். அதன்மேல் நேர்முகத் தேர்வு. சேர்ந்த பின் பாடங்கள், தகுதிப் பரீட்சை, ஆராய்ச்சிக் கட்டுரை, வாய்மொழித் தேர்வு. படிப்பு கடினமாகவே இருக்கட்டும். அதை நாம் எதிர்க்கவில்லை.

ஆனால் தோழர்களே, கணக்கைப் பாருங்கள்! தாழ்த்தப்பட்டோருக்கு 15 சதவிகிதம், பழங்குடியினருக்கு 7.5 சதவிகிதம் இடம் உண்டு என்கிறது சட்டம். 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.களின் டாக்டர் பட்டப் படிப்புகளில் அவர்களுக்குக் கிடைத்ததோ 9.1, 2.1 சதவிகிதமே! இது சர்க்காரே தந்த கணக்கு.

டாக்டர் பட்டமில்லாதவர் அங்கே பேராசிரியராக முடியாது. 2020-ல் சர்க்கார் அமைத்த கமிட்டி என்ன சொன்னது? ஒதுக்கீட்டுப் பிரிவினரில் டாக்டர் பட்டதாரிகள் குறைவு. ஆகவே ஆசிரியர் நியமன ஒதுக்கீட்டிலிருந்து ஐ.ஐ.டி.களுக்கு விலக்களியுங்கள் என்றது! நாற்று நட விடாமல் தடுத்தவனே, களத்தில் நெல் இல்லை என்று கைவிரிக்கிறான்.

நாம் வாங்கும் சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் கட்டும் வரியில்தான் அந்தக் கட்டிடங்கள் நிற்கின்றன. ஆகவே கேட்கிறோம்: விண்ணப்பித்தோர் எத்தனை பேர், நேர்முகத்துக்கு அழைக்கப்பட்டோர் எத்தனை பேர், தள்ளப்பட்டோர் எதனால் தள்ளப்பட்டனர்? இலாகாவாரியாக ஆண்டுதோறும் வெளியிடு! நிரப்பாத இடத்தை மறு ஆண்டு சேர்த்து நிரப்பு!