கம்ப்யூட்டரும் கப்பலேற வேண்டுமா?

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு உத்தியோகத்தின் பேரில் குடிபெயர்கிறவர்களுக்கு அம்மி, ஆட்டுக்கல் பற்றிய கவலை கிடையாது. மேஜைக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான் கவலை! பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்ததைக் கால் விலைக்குத் தள்ள யாருக்குத்தான் மனம் வரும்?

மின்சாரம் ஒத்துவராது என்று பயமுறுத்துவார்கள். இங்கே 230 வோல்ட், அங்கே 120. இப்போதைய பவர் சப்ளைகளில் பல, 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும். நம் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சிலவற்றில் மட்டும் 200–240 என்று அச்சிட்டிருக்கும். அது அங்கே உதவாது. இங்கே வாங்கிய யு.பி.எஸ்.ஸும் அப்படித்தான், வெறும் சுமை.

உண்மையான சங்கடம் குலுக்கல். கனத்த கிராபிக்ஸ் கார்டு வழியில் ஆடி, தான் செருகியிருக்கும் பலகையையே உடைத்துவிடக் கூடும். ஆகவே கார்டு, பிராசஸர், டிஸ்க் இவற்றைக் கழற்றிக் கைப்பையில் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். கூட்டையும் திரையையும் அங்கே வாங்கிக்கொள்ளலாம். ஆறேழு வருஷப் பழசென்றால் டிஸ்க் ஒன்றே போதும்.

ஊரில் வயதான பெற்றோர் தனித்திருக்கிறார்களா? அப்படியானால் பெட்டியைக் கழற்றவே வேண்டாம். பேரன் முகத்தைக் கைபேசியின் சிறு திரையில் கண்ணை இடுக்கிப் பார்ப்பதைவிட இது எவ்வளவோ மேல். கோப்புகளை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, காமிராவைப் பொருத்தி, இயக்கும் விதத்தையும் பெரியவர்களுக்குப் பழக்கிவிட்டுப் புறப்படட்டும். அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். விமானத்துக்கு முந்தின இரவில் ஆகிற காரியமல்ல.