‘போர்டு போய்விட்டது’ என்று சொல்வதற்கு முன்



நம் கெங்கவல்லி வட்டாரத்தில் தொலைக்காட்சி, இன்வெர்ட்டர், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் என்று எது பழுதானாலும் கடைகளில் கேட்கும் தீர்ப்பு பெரும்பாலும் ஒன்றே: “போர்டு போய்விட்டது, புதிதுதான் மாற்ற வேண்டும்.” தீர்ப்பளித்தவர் மீட்டரைக் கையில் எடுத்தாரா என்று நாம் கேட்பதில்லை. மரவள்ளி விற்ற காசை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். சோதித்துப் பாராமல் வழங்கும் இத்தீர்ப்பு அமானித மோசடி என்பதே நம் வாதம்.

ஒரு போர்டில் பல நேரங்களில் கெட்டிருப்பது ஒன்றிரண்டு பாகங்களே. அவற்றைக் கண்டறிவது மந்திர வித்தை அன்று. மின்சாரத்தைத் துண்டித்து, பெரிய கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றத்தை இறக்கிவிட்டு, ஐயத்திற்குரிய டிரான்சிஸ்டரைப் போர்டிலிருந்து கழற்ற வேண்டும். போர்டில் இருக்கும்போது பக்கத்துப் பாகங்கள் அளவைத் திரித்துக் காட்டும். பிறகு மீட்டரை டயோடு நிலையில் வைத்துச் சிவப்பு முனையை ஒவ்வொரு காலாகத் தொட்டு, கறுப்பு முனையை மற்ற இரு கால்களிலும் வைத்துப் பார்க்க வேண்டும். எந்தக் காலில் சிவப்பு முனை இருக்கையில் மற்ற இரண்டிலும் ஏறக்குறைய 0.6, 0.7 வோல்ட் காட்டுகிறதோ அதுவே பேஸ், அது என்.பி.என். வகை. கறுப்பு முனைக்கு அவ்வாறு காட்டினால் பி.என்.பி. வகை. எமிட்டர் பக்கத்து அளவு கலெக்டர் பக்கத்தைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும். இரு திசையிலும் பூச்சியம் காட்டினால் ஷார்ட். இவ்வளவுக்கும் சில நிமிடங்கள் போதும்.

ஆனால் மீட்டர் மட்டும் போதாது, அறிவும் வேண்டும். 2006இல் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியபின் சிற்றூர் வீடுகளிலெல்லாம் படக்குழாய்ப் பெட்டிகள் வந்தன. அத்தகைய பெட்டிகளின் ஹரிசாண்டல் அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் சிலவற்றில், டி 1555 போன்றவற்றில், பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே சில பத்து ஓம் மின்தடையும், கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே ஒரு டயோடும் உள்ளேயே அமைந்திருக்கும். இதை அறியாதவர் மீட்டரை வைத்ததும் ‘ஷார்ட்’ என்று நல்ல பாகத்தைக் குப்பையில் எறிவார். உள்டயோடு கொண்ட பி.யு. 508 டி இருந்த இடத்தில், அது இல்லாத பி.யு. 508 ஏ வகையை மாட்டுவோரும் உண்டு. ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. அதுவே பாகத்தை எரித்துவிடும்.

‘பார்க்க ஒன்றுபோல் இருக்கிறது, போடலாம்’ என்பதே இத்தொழிலின் பெருநோய். பி.சி. 547, சி 1815 இரண்டும் ஒரே கறுப்பு உடல் கொண்ட என்.பி.என். டிரான்சிஸ்டர்கள். தட்டை முகத்தை நம் பக்கம் வைத்துக் கால்கள் கீழே இருக்கப் பார்த்தால், முதலாவதில் நடுக்கால் பேஸ். இரண்டாவதில் நடுக்கால் கலெக்டர். 1 என் 4007 டயோடும், வேகமாக மாறும் எஃப்.ஆர். 107 டயோடும் தோற்றத்தில் ஒன்றே. டயோடு நிலையில் மீட்டரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே காட்டும். ஆனால் ஸ்விட்சிங் பவர் சப்ளையின் வெளியீட்டுப் பக்கத்தில் முதலாவதைப் போட்டால் சூடேறிக் கெடும். உயிருண்டா என்பதை மட்டுமே மீட்டர் சொல்லும். அது யார் என்பதை மேலே அச்சிட்ட எண்ணும் தயாரிப்பாளரின் தரவுத்தாளும் சொல்ல வேண்டும். அத்தாள் கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறது.

அந்த எண்ணையே அழித்து வேறு எண் பொறிக்கும் கயவர்களும் இருக்கிறார்கள். ஒலிபெருக்கிகளில் பயன்படும் டோஷிபாவின் 2 எஸ்.சி. 5200 டிரான்சிஸ்டருக்கு உலகச் சந்தையெங்கும் போலிகள் உண்டு. உள்ளே சிறிய சில்லை வைத்த போலியும் மீட்டர் சோதனையில் தேறிவிடும். முழுச் சுமை ஏறியதும் வெடிக்கும். போலியென்று ஐயம் இருந்தும் மலிவுக்காக அதை வாங்கி மாட்டுபவர் அக்குற்றத்தில் பங்காளியே.

மதீனாவின் சந்தையில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்டார்கள்; ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். மேற்பரப்பை நம்பாமல் உள்ளே கைவிட்டுப் பார்த்த அச்செயல் பழுதுபார்ப்பவருக்கும் பாடமன்றோ? அச்சிட்ட எண் குவியலின் மேற்பரப்பு. சோதனையே உள்ளே செல்லும் கை.

“பத்து ரூபாய் பாகத்திற்கு அரை மணி நேரம் செலவிட்டால் கட்டுமா?” என்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை, சோதனைக்கெனத் தனிக் கூலி கேட்பதே. பொய்த் தீர்ப்பு அன்று. ஜெர்மனியின் மார்கஸ் ஃப்ரெயெக் வடிவமைத்து, கார்ல் ஹைன்ஸ் க்யூப்லர் விரிவாக்கிய டிரான்சிஸ்டர் டெஸ்டரின் மலிவுப் பிரதிகள் இன்று எங்கும் விற்கின்றன. அடையாளம் தெரியாத பாகத்தின் வகையையும் கால்களையும் அது நொடிகளில் காட்டும். ஐ.சி.க்களை அது அறியாது. உயர் மின்னழுத்தத் தாங்குதிறனையும் சொல்லாது. எல்லை அறிந்து பயன்படுத்தினால் நல்ல துணை.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் கடமை உண்டு. “இன்றே வேண்டும், கூலி குறைவாக வேண்டும்” என்று நெருக்குகிறவர்கள் நாமே. இனிக் கேட்போம்: எதைச் சோதித்தீர்கள்? கழற்றிய பாகம் எங்கே? மாட்டியதன் எண் என்ன? ரசீதில் அதை எழுதித் தாருங்கள். “எனக்குத் தெரியவில்லை, ஆத்தூருக்கோ சேலத்துக்கோ கொண்டுபோங்கள்” என்று சொல்லும் கடைக்காரரை இகழாதீர்கள். அவரே நம்பத் தகுந்தவர். தொழில் பழக அனுப்பும் பிள்ளைகளுக்கும் சால்டரிங் பிடிக்கு முன் மீட்டரைக் கொடுங்கள்.

பிறர் பொருளைத் தன் பொருளாய்ப் பேணும் கைகளை நம் இளைஞர்களுக்கு வல்ல அல்லாஹ் வழங்குவானாக!